வாட் காலத்தில் விட்ட வேலைக்கு ஜிஎஸ்டி காலத்தில் திரும்பலாமா?

குழந்தை வளர்ப்பதற்காக வேலையை விட்டவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஆறை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். எல்லாக் கடிதங்களையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். பெயர் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது. நானும் ஆறு வருடம் இடைவெளி விட்டுத் திரும்பியவள், அப்புறம் பல வருடம் ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 37 வயது. பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 5 வருடம் வேலை பார்த்தேன். 2015-ல் பெரியவன் வயிற்றில் இருந்தபோது டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னதால் விட்டேன், அப்புறம் சின்னவள் பிறந்தாள். இப்போது இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாட் (ஜிஎஸ்டிக்கு முந்தைய விற்பனை வரி), சி ஃபாரம் (வெளி மாநில வியாபாரத்தில் வரி குறைய வாங்கும் படிவம்), டேலி இஆர்பி 9 என்ற கணக்கு மென்பொருள். போன மாதம் ஒரு மில் ஆபீஸில் வேலை கேட்டுப் போனேன். "ஜிஎஸ்டி தெரியாதா, அப்ப ஃப்ரெஷர் சம்பளம்தான்" என்றார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு 22 வயது இருக்கும். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன். தம்பி ஜவுளிக்கடை வைத்திருக்கிறான், "அங்க வந்து சும்மா உக்காருக்கா" என்கிறான். எனக்கு இனிமேல் இந்த வேலை சரிப்பட்டு வருமா? (ஈரோடு)

பதில்: சரிப்பட்டு வரும். அந்த ஆபீஸில் சொன்னதில் பாதிதான் உண்மை. உங்களுக்கு ஜிஎஸ்டி தெரியாது, அது சரி. அதனால் நீங்களும் நேற்று காலேஜ் முடித்த பெண்ணும் ஒன்று என்பது சரியில்லை. டெபிட், கிரெடிட், பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பது, டிரையல் பேலன்ஸ் இடிக்கும்போது எந்தப் பக்கம் தேடினால் தப்பு அகப்படும் என்ற மூக்கு, இதெல்லாம் 5 வருடம் பில் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தால்தான் வரும், வந்தது போகாது.

வாட்டிலிருந்து ஜிஎஸ்டிக்கு வருவது நீங்கள் பயப்படுகிற அளவு தூரமில்லை. வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழிப்பது வாட்டிலேயே இருந்தது, நீங்கள் செய்திருக்கிறீர்கள். 2017 ஜூலை 1-க்கு அப்புறம் உள்ளூர் விற்பனைக்கு மத்திய, மாநில வரி பாதிப் பாதி, வெளி மாநிலத்துக்கு ஒரே வரியாக ஐஜிஎஸ்டி. மாசக்கணக்கில் துரத்தித் துரத்தி வாங்கிய சி ஃபாரம் தொல்லை, துணி நூல் வியாபாரத்தில் இப்போது இல்லவே இல்லை. பழைய 11 இலக்க டின் நம்பர் போய் 15 இலக்க எண் வந்திருக்கிறது, முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, அடுத்த பத்தும் அந்தக் கடையின் பான் நம்பர். ஒரு பில்லை எடுத்து இதைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும்.

இன்னொன்று கேளுங்கள். இடைவெளியே விடாமல் வேலை பார்த்தவர்களும் இப்போது புதிதாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்களே மாறின. ரெடிமேட் துணிக்கு 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்றிருந்தது, இப்போது 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. வருமான வரியில் அதைவிடப் பெரிய மாற்றம். 1961-லிருந்து இருந்த சட்டம் போய் 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம், 536 பிரிவுகள். முப்பது வருடமாகப் பிரிவு எண்களை மனப்பாடமாகச் சொன்ன ஆடிட்டர்கள்கூட இப்போது பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் திரும்புவதற்கு இது நல்ல நேரம், ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

டேலிக்கு வருவோம். 2020 கடைசியில் அதன் புதுப் பதிப்பாக டேலி பிரைம் வந்தது. திரை பார்க்க வேறு மாதிரி இருக்கும், ஆனால் எஃப்5 அழுத்தினால் பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்சேஸ், அதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மனசு மறந்திருந்தாலும் விரல் மறந்திருக்காது, உட்கார்ந்து பாருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம், படிப்பவர்களுக்கான இலவச முறை அதிலேயே இருக்கிறது. அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட முடியும், பழகுவதற்கு அதுவே தாராளம்.

இப்போது தம்பி கடை. அங்கே சும்மா உட்காரப் போகாதீர்கள். மூன்று மாதக் கொள்முதல் பில் கட்டைக் கேட்டு வாங்குங்கள், கூடவே அந்த மாதங்களின் 2பி அறிக்கையையும் (விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) அவர்கள் கணக்குப் பார்ப்பவரிடம் கேளுங்கள். சரக்கு விற்றவர்கள் 11-ம் தேதிக்குள் தங்கள் விற்பனையை ஜிஎஸ்டிஆர்-1 என்ற ரிட்டர்னில் ஏற்றுவார்கள், 14-ம் தேதி அது உங்கள் பக்கம் 2பி-யாக வரும், 20-ம் தேதிக்குள் 3பி என்ற ரிட்டர்ன் போட்டு வரி கட்ட வேண்டும். (சின்னக் கடைகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் வசதியும் உண்டு, தம்பி எதில் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) 14-க்கும் 20-க்கும் நடுவில்தான் உண்மையான வேலை. பில் ஒவ்வொன்றாக எடுத்து 2பி-யில் இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டே வருவீர்கள், ஒரு பில் இருக்காது, இருந்தால் தொகை வேறாக இருக்கும், இல்லையென்றால் அவர்கள் ஜிஎஸ்டி எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டு அது வேறு யாருக்கோ போயிருக்கும். உடனே போன் போட்டு, "அண்ணா, போன மாசம் 18-ம் தேதி பில் எங்களுக்கு வரலைங்க, இந்த மாசமாச்சும் ஏத்திருங்க" என்று கேட்டு வாங்க வேண்டும். அது ஏறாவிட்டால் தம்பி அந்த வரியைக் கைக்காசில் கட்ட வேண்டியிருக்கும். மூன்று மாதம் இதைச் செய்துவிட்டால் அடுத்த இன்டர்வியூவில் "ஜிஎஸ்டி தெரியுமா?" என்று கேட்பவரிடம், எத்தனை பில் பார்த்தீர்கள், எத்தனை ரூபாய் விட்டுப்போயிருந்தது, எவ்வளவு மீட்டீர்கள் என்று எண்ணோடு சொல்வீர்கள். பயிற்சி சர்டிபிகேட் ஆயிரம் காட்டினாலும் அந்தப் பதிலுக்கு ஈடாகாது.

சம்பளம் கேட்டால் 2015-ல் கடைசியாக வாங்கியதைச் சொல்லாதீர்கள். ஆள் எடுக்கும் பக்கத்தில் நான் அடிக்கடி பார்த்த தவறு இதுதான், பழைய தொகையைச் சொன்னதும் அதன் மேல் ஒரு ஆயிரம் போட்டு முடித்துவிடுவார்கள். இன்றைக்கு ஈரோட்டில் அந்த வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று உங்களோடு வேலை பார்த்த பழைய தோழிகள் நாலு பேரிடம் விசாரித்து, அந்தத் தொகையைச் சொல்லுங்கள். "ஜிஎஸ்டி கை பழக மூன்று மாதம் எடுக்கும், அதுவரை கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொள்கிறேன், நாலாவது மாதத்திலிருந்து இந்தத் தொகை" என்று பேசி அதைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது நாலாவது மாதம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இவ்வளவும் சொன்னாலும் எனக்கு உங்கள் கடிதத்தில் கவலை வேறு இடத்தில். பள்ளிக்கூடம் விடுவது எத்தனை மணிக்கு, ஆபீஸ் விடுவது எத்தனை மணிக்கு? நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஜிஎஸ்டியை இரண்டு மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம். மூன்றரைக்கும் ஆறரைக்கும் நடுவில் குழந்தைகள் யாரிடம் இருப்பார்கள், காய்ச்சல் வந்தால் லீவு போடப்போவது யார், ராத்திரி மாவு அரைப்பது யார் என்று வீட்டில் பேசி முடிக்காமல் கிளம்பிய பெண்கள் மூன்றாவது மாதம் வேலையை விட்டுவிட்டு, "எனக்குத்தான் திறமை பத்தலை" என்று தங்களையே நொந்துகொள்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. உங்கள் கணவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திங்கள் முதல் சனி வரை மணி வாரியாக எழுதுங்கள். "பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னால் எழுந்துவிடாதீர்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் என்று கேளுங்கள்.

உங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு, இதையும் யோசியுங்கள். 10-லிருந்து 20 வரை வேலை நெருக்கும், மற்ற நாட்களில் அவ்வளவு இருக்காது. அதனால் சின்ன ஆடிட்டர் ஆபீஸ்களில், "அந்தப் பத்து நாள் முழு நேரம் வருகிறேன், மற்ற நாளில் ரெண்டரை மணிவரை" என்று பேசினால் ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பி.காம். படித்தவர் என்பதால் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்து, அதற்கான தேர்வும் எழுதி, தம்பி கடை மாதிரி எட்டுப் பத்துக் கடைகளுக்கு நீங்களே ரிட்டர்ன் போடலாம். அது அடுத்த வருடத்துக்கான யோசனை. முதலில் பில் கட்டை வாங்குங்கள்.

கேள்வி: 34 வயது. மேனுவல் டெஸ்டிங்கில் (மென்பொருளைக் கையால் சோதித்துப் பார்ப்பது) 6 வருடம், அப்புறம் மகளுக்காக 5 வருட இடைவெளி. எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்பதில் வந்து நின்றுவிடுகிறது. ஒரு கன்சல்டன்சியில் அந்த 5 வருடத்துக்கும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். "எல்லாரும் பண்றதுதான்" என்கிறார்கள். என்ன செய்ய? (சென்னை, மேடவாக்கம்)

பதில்: வேண்டவே வேண்டாம். பெரிய கம்பெனிகள் வேலைக்குச் சேர்க்கும்போது உங்கள் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை வாங்கிப் பார்க்கிறார்கள். எந்த மாதம்வரை யார் உங்களுக்குப் பணம் கட்டினார்கள் என்பது அதில் தெரிந்துவிடும், 5 வருடம் வேலை பார்த்ததாகச் சொல்லும் கம்பெனியிலிருந்து ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது. சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட அனுப்பிவிடுவார்கள், அப்புறம் உங்கள் உண்மையான 6 வருடத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கேள்விக்குப் பதில் இரண்டே வரி. "மகளைப் பார்த்துக்கொள்வதற்காக 2020-லிருந்து வேலையிலிருந்து விலகி இருந்தேன், இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள், முழுநேரம் வேலைக்குத் தயார்." அதோடு நிறுத்திவிட்டு வேலை பற்றிப் பேசுங்கள். மன்னிப்புக் கேட்கிற குரல் வரக்கூடாது. ரெஸ்யூமேயிலும் அந்த வருடங்களை மறைக்காமல் ஒரு வரியாகப் போடுங்கள், லிங்க்ட்இன் 2022-லேயே வேலை இடைவெளியைக் காட்டுவதற்கென்று தனி இடம் கொடுத்துவிட்டது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் திரும்ப வேலை தேடியபோது ஓர் அலுவலகத்தில் அரை மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு, கடைசியில், "ரெண்டாவது குழந்தை ஐடியா இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன், வேலை கிடைக்கவில்லை, ஆனால் அந்தப் பதிலைச் சொன்னது பல நாள் உறுத்தியது. எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த ஆணிடம் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். உங்களிடம் கேட்டால், "இந்த வேலைக்குச் சொன்ன நேரத்தில் வர என்னால் முடியும், வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள், உண்டு இல்லை இரண்டும் சொல்ல வேண்டாம்.

இப்படித் திரும்புகிறவர்களை எடுப்பதற்கென்றே தனி வழிகள் இருக்கின்றன, பொதுவான விண்ணப்பக் கூட்டத்தில் போய் நிற்காமல் அங்கே முயலுங்கள். டாடா குழுமம் 2008-லேயே இரண்டாவது முறை வேலைக்கு வரும் பெண்களுக்கான இன்டர்ன்ஷிப் ஆரம்பித்தது. சென்னையிலேயே சௌந்தர்யா ராஜேஷ் 2000-ல் தொடங்கிய அவதார் நிறுவனம் இந்த வேலையைத்தான் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறது, அவரும் வேலையில் இடைவெளி விட்டவர்தான். பெரிய ஐடி கம்பெனிகளின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ரிட்டர்ன்ஷிப் என்று தேடினால் வரும். ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், மேனுவல் டெஸ்டிங்கை மட்டும் வைத்துக்கொண்டு இன்று போகாதீர்கள். செலினியமோ பிளேரைட்டோ சோதனையைத் தானாக ஓட்டும் ஏதாவது ஒரு ஆட்டோமேஷனைக் கற்றுக்கொண்டு, நீங்களே எழுதிய இருபது முப்பது டெஸ்டுகளைக் கிட்ஹப் என்ற தளத்தில் ஏற்றி, லிங்க்கை ரெஸ்யூமேயில் போடுங்கள். "என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு அதுவும் பதில்தான்.

கேள்வி: 2013-ல் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் செய்தேன். 7 வருடத்தில் காலாவதி என்று அப்போது போட்டிருந்தது. இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன, 41 வயது. திரும்ப டெட் எழுதணுமா? (நாகர்கோவில்)

பதில்: எழுத வேண்டாம். 2021 ஜூனில் மத்திய கல்வி அமைச்சகம் டெட் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று அறிவித்தது, 2011 முதல் எழுதிய எல்லாருக்கும் அது பொருந்தும். பீரோவிலிருந்து எடுத்து லேமினேஷன் பண்ணாமல் பத்திரமாக வையுங்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் அசல் கேட்பார்கள். ஆனால் அரசுப் பள்ளி வேலைக்கு நம் மாநிலத்தில் 2018-லிருந்து டெட் மட்டும் போதாது, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் நியமனத் தேர்வும் எழுத வேண்டும். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம், 2023-ல் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று வரம்பை உயர்த்திவிட்டார்கள்.

தனியார் பள்ளிக்குப் போவதாக இருந்தாலும் அந்தச் சான்றிதழைக் காட்டிச் சம்பளம் பேசுங்கள். பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் சொன்ன பிறகு, எத்தனையோ பேர் சர்வீஸில் இருந்துகொண்டே ராத்திரி கண் விழித்துப் படிக்கிறார்கள். உங்கள் கையில் அது ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, வாரம் 8,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஆதார் காப்பி அனுப்பி, அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். 600 பக்கம் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டைப் செய்து கொடுத்தேன். இப்போது தப்பு அதிகம், ஒப்பந்தப்படி 6,500 ரூபாய் கட்டாவிட்டால் கோர்ட் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. கணவருக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. (மதுரை)

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இது வீட்டில் இருக்கும் பெண்களைக் குறிவைத்து வருடக்கணக்காக நடக்கும் மோசடி. நீங்கள் எவ்வளவு கவனமாக டைப் செய்திருந்தாலும் தப்பு என்றுதான் சொல்லியிருப்பார்கள், அவர்களுக்கு வேண்டியது நீங்கள் டைப் செய்த பக்கம் இல்லை, இந்த மிரட்டலுக்குப் பயந்து நீங்கள் அனுப்பப்போகும் பணம்தான். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக வருவதால் அது கோர்ட் சம்மன் ஆகிவிடாது.

இன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அது சைபர் குற்றங்களுக்கான அரசு உதவி எண், ஆன்லைனிலும் புகார் கொடுக்கலாம். வந்த மெசேஜ், நோட்டீஸ், போன் நம்பர் எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆதார் காப்பி கொடுத்திருப்பதால் பயோமெட்ரிக் லாக் (உங்கள் கைரேகையை வேறு யாரும் பயன்படுத்த முடியாமல் பூட்டுவது) போட்டுவிடுங்கள், ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியிலேயே செய்யலாம். கணவரிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைக்கிற அளவுக்குத்தான் அவர்களுக்குப் பலம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு 600 பக்கம் உழைத்தது நீங்கள், வெட்கப்பட வேண்டியது உங்களிடம் அந்த வேலையை வாங்கியவர்கள்.

நிஜமான வேலை கொடுப்பவர் யாரும் உங்களிடம் பணம் கேட்கமாட்டார், பதிவுக் கட்டணம், டெபாசிட், பயிற்சிக் கட்டணம் எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே வைத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: உன்னை மகளாக நினைத்து எழுதுகிறேன் கண்ணு. எனக்கு 64 வயது. பேரனுக்கு இரண்டரை வயது. மருமகள் வரும் ஜூனிலிருந்து வேலைக்குப் போகிறேன் என்கிறாள், தங்கமான பிள்ளை, போகட்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எனக்கு ரெண்டு முழங்காலும் வலி, மாடி வீடு. பையனைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. சொன்னால் மருமகள் போவது பிடிக்காமல் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. (சேலம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். என் அம்மா இந்தக் கடிதத்தை எழுதாமலே இருந்துவிட்டார்.

நான் திரும்ப வேலைக்குப் போனபோது மகனை அம்மாதான் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வந்ததும் அவனைத் தூக்கினால் சட்டையில் தைல வாசம் அடிக்கும். அவனுக்குச் சளி, தடவியிருப்பார் என்று நினைத்தேன், கேட்கவும் இல்லை. ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா படிக்கட்டில் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான், ஒரு கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தூக்கிக்கொண்டு ஏற முடியாமல் அங்கேயே முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார். எட்டு மாதமாகத் தினமும் அப்படித்தானாம். "சொன்னா நீ வேலைய விட்டுருவியேன்னுதான் சொல்லல" என்றார்.

அதனால் நீங்கள் சொல்லிவிடுங்கள் அம்மா, ஜூனுக்கு முன்னாலேயே. முதலில் மகனிடம் சொல்லுங்கள், மருமகளிடம் இல்லை. இது அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பற்றிய பேச்சு, இதை மாமியாரும் மருமகளும் மட்டும் பேசிக்கொள்ளும் விஷயமாக ஆக்கிவிட்டுப் பெரும்பாலான வீடுகளில் ஆண்கள் நழுவிவிடுகிறார்கள். சொல்லும்போது "முடியாது" என்று ஆரம்பிக்க வேண்டாம், "அவ கண்டிப்பா போகட்டும், எனக்கு சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னா பாத்துக்க முடியும், நாள் முழுக்க முடியாது, மீதிக்கு என்ன பண்ணலாம் சொல்லு" என்று கேளுங்கள். போகட்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

மீதிக்கு வழி இருக்கிறது. மருமகள் சேரப்போகும் இடத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பது சட்டம், 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. ஒரு நாளில் நாலு முறை தாய் போய்ப் பிள்ளையைப் பார்த்து வரவும் சட்டம் அனுமதி தருகிறது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைக் கேட்கச் சொல்லுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். அது இல்லையென்றால் பேரனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதால் பக்கத்து அங்கன்வாடியில் மத்தியானச் சாப்பாடுவரை விடலாம், அங்கே போய் அந்த டீச்சரைப் பார்த்துப் பேசுங்கள், இடம் எப்படி இருக்கிறது, எத்தனை பிள்ளைகள், கழிப்பறை சுத்தமா என்று நீங்களே பார்த்தால் உங்களுக்கும் நிம்மதி. அதற்கப்புறம் மருமகள் வரும்வரை வீட்டில் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் சம்பளத்தை மருமகள் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்துவிட்டு, "இதுக்கா வேலைக்குப் போகணும்?" என்று யாராவது கேட்பார்கள், மகன் சம்பளத்திலிருந்தும் பாதி போகட்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அந்த வீட்டில் எடுபடும்.

முட்டிக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை. ஜூன்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: 2012 முதல் 2016 வரை வேலை பார்த்த கம்பெனியில் பிஎஃப் கொஞ்சம் கிடக்கிறது. பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடலாமா? அடுத்த மாதம் புது வேலையில் சேர்கிறேன். (திருச்சி)

பதில்: எடுக்காதீர்கள். பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் கிடைக்க மொத்தம் 10 வருட சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பணத்தை எடுக்காமல் வைத்திருந்தால் பழைய 4 வருடமும் கணக்கில் சேரும், நடுவில் இருந்த இடைவெளி அதை அழிக்காது, இன்னும் 6 வருடம் வேலை பார்த்தால் 58 வயதில் பென்ஷனுக்குத் தகுதி வந்துவிடும். இப்போது எடுத்துவிட்டால் மறுபடி முதல் வருடத்திலிருந்து எண்ண வேண்டும்.

2014-லிருந்து எல்லாருக்கும் 12 இலக்க யுஏஎன் கொடுத்தார்கள், உங்கள் பழைய சம்பளச் சீட்டில் இருக்கும், புது வேலையில் சேரும்போது அதே எண்ணைக் கொடுங்கள், இல்லாவிட்டால் புதிதாக ஒன்றைப் போட்டுவிடுவார்கள். சேர்வதற்கு முன் ஆதாரில் இருக்கும் பெயரும் பிஎஃப்பில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியலில் சேர்ந்துவிட்டு, ஆதாரில் கணவர் பெயருக்கு மாற்றிய பெண்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. பழைய போன் நம்பரும் இப்போது கையில் இல்லையென்றால், முதலில் ஆதாரில் இன்றைய நம்பரை இணைத்துவிட்டு அப்புறம் இதற்கு வாருங்கள்.